ஒரு தாள் மட்டும் நீலம்

"அது அந்தக் கல்யாணப் பொண்ணோடதுதான். டப்பாவைக் கடைசியாக் கொண்டுபோய்க் குடுத்தது அவதானே? நீலத் தாளும் கடைசியிலதான் இருக்கு," என்றாள் ரேடியோ.

தையல் கம்பெனியில் அவளுக்கு அந்தப் பெயர் வைத்து ரொம்ப நாளாயிற்று. காதில் விழுந்தது எதுவும் சாப்பாட்டு மணிக்குள் எல்லா மெஷினுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று காலை நர்ஸ் ஒருவர் வந்திருந்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான புதுச் சோதனை. டப்பாவில் சிறுநீர் கொடுத்தால் போதும். அதில் ஒரு நொதி அளவுக்கு மீறி இருந்தால், மருந்து தடவிய தாள் நீலமாகும். நீலமானால் ஆஸ்பத்திரிக்குப் போய் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

ஓய்வறை ஜன்னலோரம் தட்டில் தாள்களை வரிசையாக வைத்துவிட்டு நர்ஸ் கை கழுவப் போன நேரம் பார்த்து, ரேடியோ எட்டிப் பார்த்துவிட்டாள்.

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றாள் பக்கத்து மெஷின்காரி. "முப்பத்தஞ்சு வயசுல அவளுக்கு இப்பதான் ஒரு இடம் கூடி வந்திருக்கு. அடுத்த மாசம் கல்யாணம். மாப்பிள்ளையோட அக்கா இங்கேயே இஸ்திரி போடறா."

"அந்தச் சிடுமூஞ்சியா? அவ காதுல விழுந்தா கல்யாணம் அம்போதான்."

"அதான் சொல்றேன். வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் வரைக்கும் போயிடப் போகுது."

ரேடியோ ஊசியில் நூல் கோத்தாள். "அவர்கிட்ட நீலம்னு மட்டும்தான் சொன்னேன். பேரு சொல்லல."

"அடிப்பாவி."

கல்யாணப் பெண் ஒன்றும் தெரியாமல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்தாள்.

சற்று நேரத்தில் இஸ்திரிக்காரி ஓய்வறைப் பக்கம் விறுவிறுவென்று போனாள். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. வருங்காலத் தம்பி மனைவியின் பக்கத்தில் நின்று, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

"முறைச்சுட்டுப் போறா பாரு. தெரிஞ்சுபோச்சு," என்றாள் மெஷின்காரி. "உன் வாயால ஒரு குடும்பம் கெட்டுது."

ரேடியோ மெஷினை நிறுத்திவிட்டு நேராக நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், யார் கேட்டாலும் அந்த நீலத் தாள் என்னுதுன்னு சொல்லிடுங்க."

"எதுக்கு?"

"நானும் எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன். சொல்றதுக்கு எனக்குக் கத்துக்குடுக்க வேணாம். எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாச்சு, இனி யாரு என்னை வேணாம்னு சொல்லப் போறா? புருஷன் சொன்னா நிம்மதிதான். அந்தப் பொண்ணை மட்டும் சத்தமில்லாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க."

நர்ஸ் சிரித்துவிட்டார்.

"அது யாருதும் இல்லம்மா. மருந்து ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க, நீலமாக்குற திரவத்தை நாங்களே ஒரு தாள்ல விட்டு வைப்போம். அது நீலமாகலேன்னாதான் கவலைப்படணும். உங்க தாளுக்கெல்லாம் நம்பர் இருக்கு. அத்தனையும் வெள்ளை."

ரேடியோ அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா சிஸ்டர்? பாதிக் கம்பெனிக்குச் சொல்லித் தொலைச்சிட்டேன்."

"என் தப்புதான். மீதிப் பாதிக்கும் நீங்களே சொல்லிடுங்க. உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் இப்படித்தான் பதறிட்டாங்க."

"எனக்கு முன்னாடியா? யாரு?"

"இஸ்திரி போடறாங்களே, அவங்க. 'எங்க வீட்டுலேர்ந்து யார் வந்து கேட்டாலும் அது என்னுதுன்னு சொல்லுங்க சிஸ்டர், தம்பி கல்யாணம் நிக்கக் கூடாது, அவளை வைத்தியத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன்'னு ஒரே அழுகை."