இரண்டாவது பீப்பாய்

“த்தூ! இது பீரா, வெங்காயம் ஊறப்போட்ட வினிகரா?”

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, கிளாஸில் மிச்சம் இருந்ததையும் சாக்கடையில் கவிழ்த்தாள் எஃபி.

எங்கள் மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. லாக்லன் கையில் குறடோடு அப்படியே நின்றான்.

முப்பது வருஷம் ஸ்பே ஆற்றங்கரையில் யாருடைய விஸ்கி ஆலைக்கோ உழைத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் தன் கொட்டகையில் அவனே காய்ச்சிய முதல் சரக்கு அது. கறுப்பு ஏல் பீர், நல்ல வீரியம். பழைய விஸ்கி பீப்பாய்கள் இரண்டில் ஒரு வருஷமாக ஊறிக்கொண்டிருந்தது. நாங்கள் சரி என்று சொல்லிவிட்டால், நாளைக் காலையில் பாட்டிலில் அடைத்து, தன் பெயர் போட்ட சீட்டை ஒட்டி, சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்பிவிடுவான். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தான்.

சற்று முன்புதான், ருசி பார்க்கவென்று முதல் பீப்பாயின் முகப்பில் அடித்திருந்த சின்ன ஆணியைக் குறடால் பிடுங்கினான். பீர் ஊசி கனத்தில் கறுப்பாகப் பீய்ச்சியடித்தது. கிளாஸில் பிடித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, ஆணியை ஓட்டையில் செருகிவைத்தான்.

நான் ஒரு வாய் குடித்தேன். புளிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்தில் கசாப்புக்கடை ஸ்ட்ரூவன், “அடேயப்பா! அமிர்தம்டா லாக்லன்!” என்றான்.

கெனத் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, “தேனு... உலர்ந்த திராட்சை... என் ஆயுசுல இப்படி ஒண்ணு குடிச்சதில்லப்பா,” என்றார்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. மூன்று நாளாக ஜலதோஷம் வேறு. கெட்டது பீரா, என் நாக்கா? இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன். அதே புளிப்பு. எதிரே நிற்பவனோ ஜனவரிக் காய்ச்சலில் செத்துப் பிழைத்தவன். அவனிடம் என்னத்தைச் சொல்வது?

“பிரமாதம்டா! ராஜா குடிக்க வேண்டியது,” என்றேன்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் புகழப் புகழ லாக்லனின் முகம் வாடிக்கொண்டே போனது. அதுவும் எனக்குப் புரியவில்லை.

அப்போதுதான் எஃபி வந்தாள். தபால் வேன் ஓட்டுகிறவள். மழையில் நனைந்த சீருடையோடு வந்து, கிளாஸை வாங்கினாள், குடித்தாள், துப்பினாள்.

“நீயெல்லாம் மனுஷியா?” ஸ்ட்ரூவன் பாய்ந்தான். “நோயில கிடந்து எழுந்து வந்தவன். ஒரு நல்ல வார்த்தை சொன்னா வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

“நோயில கிடந்து எழுந்தவன் வினிகரையா பாட்டில்ல அடைச்சு விக்கணும்? போய்யா!”

“எஃபி, கொஞ்சம் இங்கிதம் வேணும்மா,” என்றார் வாத்தியார்.

லாக்லன் என் பக்கம் திரும்பினான். “டேவி, நீ சொல்லு. அவ சொல்றது நிஜமா?”

எஃபி என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“அவளுக்கு என்னடா தெரியும்? நல்லாத்தான் இருக்கு.”

லாக்லன் செருகிய ஆணியை இறுக அடித்தான். குறடைத் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“ஜனவரியிலேர்ந்து எனக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல.”

ஸ்ட்ரூவன் தன் கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். லாக்லன் தொடர்ந்தான்.

“டீயும் வெந்நீரும் எனக்கு ஒண்ணுதான். என் பொண்டாட்டி மேவி பயப்படுவாளேன்னு அவகிட்டகூட சொல்லல. பீப்பாய்க்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்க நாக்கை நம்பித்தான் கூப்பிட்டேன்.”

வாத்தியார் இருமினார். “உன் மனசு நோகக் கூடாதேன்னு...”

“தெரியும் வாத்தியாரே. நீங்க வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு.”

“எப்படிடா?” என்றேன்.

“அன்னிக்கு மேவி கல்யாண டிரஸ்ல வந்து நின்னப்ப, நீ என்னடா சொன்ன டேவி?”

யோசித்தேன். “‘மோசமில்ல’ன்னேன்.”

“உங்க பையன் டாக்டரா வந்து நின்னப்ப நீங்க என்ன சொன்னீங்க வாத்தியாரே?”

“மோசமில்ல,” என்றார் அவர், காதில் விழாத குரலில்.

“ஸ்ட்ரூவன் அவன் முதல் பேத்தியைக் கையில வாங்கினப்பவும் அதேதான். இந்த ஊர்ல அதுக்கு மேல ஒருத்தர் வாயிலேர்ந்தும் வந்ததில்ல. இன்னிக்கு மட்டும் அமிர்தம், தேனு, ராஜா! செத்தவனைப் பத்திப் பேசற மாதிரி இல்ல இருக்கு!”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எங்கள் பேச்சை நம்பியிருந்தால், இவன் பெயர் போட்டு ஊரெல்லாம் வினிகர் போயிருக்கும். அனுப்பி வைத்தவர்கள் நாங்களாக இருந்திருப்போம்.

லாக்லன் இரண்டாவது பீப்பாயிடம் போனான். ஆணியைப் பிடுங்கினான். ஒரே ஒரு கிளாஸில் பிடித்தான்.

“எஃபி, நீ வா. நீங்க மூணு பேரும் கையில இருக்கறதைக் குடிச்சு முடிங்க. அமிர்தம்னீங்களே!”

எஃபி தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு கிளாஸை வாங்கினாள். முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். லாக்லன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எஃபி கிளாஸைக் காலி செய்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“மோசமில்ல,” என்றாள்.

லாக்லன் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.