சட்டப்படி செல்லும்

கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதை இட்லிக்கடையில் சாப்பிட்டு முடித்த பிரியம்வதா, பத்து ரூபாய் நாணயங்கள் மூன்றை நீட்டினாள். கடைக்காரி நாகரத்தினம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நோட்டா குடுங்கம்மா. இந்தக் காச இங்க யாரும் வாங்குறதில்ல."

"சட்டப்படி செல்லும்க்கா. வாங்க மாட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது."

"செல்லாதுன்னு நான் எங்க சொன்னேன்? அரிசிக்கடைக்காரன் வாங்கணுமே. வீட்டுல ஒரு டப்பா நிறையக் கிடக்கு. நாளைக்கு அரிசிக்கு என்னத்தக் குடுக்குறது?"

பிரியம்வதா பெருமூச்சு விட்டாள். "அவன் வாங்கித்தான் ஆகணும்னு இன்னிக்குக் காலைல தீர்ப்பே வந்தாச்சே."

"அந்தத் தீர்ப்ப மத்தியானமே கொண்டுபோய்க் காட்டுனேன். 'அப்ப கோர்ட்டுலயே போய் அரிசி வாங்கிக்கோ தீதி'ன்னுட்டான்."

பிரியம்வதா நாணயங்களைப் பையில் போட்டுவிட்டு நோட்டைத் தேடினாள். நாகரத்தினம் தடுத்தாள்.

"இட்லிக்குக் காசு வேண்டாம், வக்கீலம்மா. என் கேஸுக்கு நீங்க ஒத்தப் பைசா வாங்கல. ஜெயிச்சும் குடுத்துட்டீங்க. அதுக்கு மேல நீங்க என்ன செய்வீங்க?"