பந்தியில் ஓர் இடம்

அவன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.

அந்த இடத்தில் கிழவர் லாடோவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அவர் முன்னால் ஒரு தட்டையும் வைத்தான்.

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பார்க்கட்டும்.

இன்று ராணுவ தினம். ஆப்பிரிக்காவின் இந்தப் புழுதிக் காட்டில், ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டு அமைதி காக்க வந்த இடத்திலும் படாகானா என்கிற பட்டாளத்துப் பெருவிருந்து நிற்கவில்லை. வருஷம் முழுக்க அதட்டுகிற அதிகாரிகள் இந்த ஒரு நாள் வாளியைத் தூக்கிப் பரிமாறுவார்கள். சிப்பாய்கள் சம்மணமிட்டுச் சாப்பிடுவார்கள். ஆட்டுக்கறி கிடைக்கவில்லை, கோழிதான். ஆனாலும் சமையல்கார இருதயராஜ் மிளகைத் தூக்கலாகப் போட்டு மானத்தைக் காப்பாற்றியிருந்தான்.

போன வாரம் ஊருக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டு, சனம் முகாம் வாசலுக்கு ஓடி வந்தது. கதவைத் திறக்கக் கூடாது என்று மேஜர் சொல்லியிருந்தார். அன்று காவலுக்கு நின்றவன், இப்போது கிழவருக்கு இடம் விட்ட இவன்தான்.

திறந்துவிட்டான்.

மேஜர் ஓடி வந்து மூடுவதற்குள் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். மீதிப் பேர் இன்னும் வேலிக்கு வெளியே, வெயிலில். லாடோ உள்ளே வந்துவிட்டார்; அவர் மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நாளைக்கு இவனுக்கு விசாரணை. சட்டைக் கையில் இருக்கும் இரண்டு பட்டையும் போகும். வேலையே போனாலும் போகும். பயமாகத்தான் இருந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக இருந்தது.

மேஜர் கறி வாளியோடு வரிசையில் வந்தார். ஒவ்வொருவனையும் கிண்டல் செய்துகொண்டே வந்தவர், கிழவர் முன்னால் நின்றார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"யாருப்பா இவரு?"

"வாசலுக்கு வந்தவரு சார். நாந்தான் கூட்டியாந்து உக்கார வச்சேன்."

மேஜர் தென்காசிக்காரர். பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பினால் ஊரே காறித் துப்பும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவருக்குத் தெரியும் என்பதால்தான் இவன் உட்கார வைத்தான்.

கிழவர் தட்டை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். அவர் கண் வாசல் பக்கமே இருந்தது.

கறி விழுந்தது.

"நாளைக்கு விசாரணை விசாரணைதான், பாத்துக்க" என்றார் மேஜர், குனிந்தபடியே.

"சரிங்க சார். அவருக்கு இன்னும் ரெண்டு துண்டு போடுங்க."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

பிறகு தட்டுகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. வரிசையின் கடைசியில் ஒருவன் தள்ளி உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். அப்புறம் எல்லோரும். ஒவ்வொருவன் பக்கத்திலும் ஓர் ஆளுக்கு இடம்.

வாசலில் நின்ற காவலாளி தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு மேஜரைப் பார்த்தான். வேண்டாம் என்று ஒரு கையசைப்பு போதும், அவன் கையை எடுத்துவிடுவான்.

மேஜரின் ஒரு கையில் வாளி. மறு கையில் கரண்டி.

இரண்டில் எதையும் அவர் கீழே வைக்கவில்லை.