கட்டிலடி எடை மெஷின்

வசுமதி வீட்டில் இரண்டு எடை மெஷின்கள் இருந்தன. அடுப்பு மேடையில் இருந்த சின்னது, கேக்குக்கு மாவும் வெண்ணெயும் நிறுப்பதற்கு. கட்டிலுக்கு அடியில் கிடந்த பெரியது, வசுமதியை நிறுப்பதற்கு.

பெரியதுக்கு மனசே ஆறவில்லை.

"நூற்றெண்பது கிராம்னு நீ சொன்னா அவ மறுபேச்சு பேசறதில்ல. நான் எழுபத்து நாலு கிலோன்னா வளையலைக் கழட்டறா, என்னை வேற இடத்துல நகர்த்தி வெச்சு மறுபடி ஏறறா. நேத்து பேட்டரியையே மாத்திட்டா. நாளைக்கும் இதே நம்பர்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவாளாம்."

"நான் சொல்றது அவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி, அண்ணே," என்றது சின்னது. "நீங்க சொல்றது சாப்பிட்டப்புறம்."

மறுநாள் காலை வாக்கிங் முடித்து வந்து வசுமதி ஏறி நின்றதும், பெரியது மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுபத்து மூன்று என்று காட்டியது.

"என் தங்கமே!" என்று வசுமதி அதை முந்தானையால் துடைத்தாள். கட்டிலடியிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவந்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் கேழ்வரகு மாவையும் கருப்பட்டியையும் எடுத்தாள். "நாட்டுச் சரக்குதானே, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே வெண்ணெயையும் எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேடையிலிருந்து சின்னது குரல் கொடுத்தது. "அண்ணே, முந்நூற்றறுபது கிராம் வெண்ணெய். இன்னைக்கு ரெண்டு கேக்காம். நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"எழுபத்து ரெண்டு," என்றது பெரியது.