மாடிக்கு ஒரு சுவிட்ச்

சுவிட்சுகளுக்குப் பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், தீப்பிடித்தாலும் உள்ளேயே அடங்குகிற இரும்புப் பெட்டியாகப் போடுங்கள் என்று வேதவல்லி முதலிலேயே சொல்லிவிட்டாள். எலக்ட்ரீசியன் செபஸ்தியான் அதைச் சுவரில் பதித்து, ஒவ்வொரு சுவிட்சின் கீழும் அது எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டினார். ஹால், சமையலறை, படுக்கையறை. ஓரத்தில் ஓர் இடம் மிஞ்சியது.

"அதுலயும் ஒண்ணு மாட்டுங்க தம்பி. மாடின்னு எழுதுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். கூரைக்கு மேல் வெறும் வானம்தான். வேதவல்லியின் மகனுக்குக் கல்யாணமானதும் மாடி எழுப்பலாமென்று நீட்டிவிட்ட கம்பிகள், அவன் இறந்த பிறகு துருவேறி நின்றன.

"அங்க ஒயரே இழுக்கலையேம்மா. சும்மாதான் இருக்கும்."

"இருக்கட்டும்."

மாட்டினார். மெயினைப் போட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக மேலே தள்ளினார்; வீடு வெளிச்சமானது. மாடியை மட்டும் வேதவல்லி தன் விரலால் தள்ளினாள்.

தலைக்கு மேலே, கான்கிரீட்டுக்கு அப்பால், ஒரு மின்விசிறி முனகிக்கொண்டே சுழலத் தொடங்கியது.

செபஸ்தியான் பதறிப்போய் சுவிட்சை இறக்கக் கையை நீட்டினார். வேதவல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்திடாதீங்க தம்பி," என்றாள் மிக மெதுவாக. "இப்பத்தான் கண்ணசந்திருப்பான்."