காய்ந்த முதுகு

சூப்பர்வைசர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. முதுகைத்தான் பார்ப்பார்.

தகரக் கூரை போட்ட கிடங்கு. லாரியிலிருந்து டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். இந்த மாதத்தோடு ஒரு ஆளை நிறுத்தப்போகிறார்கள் என்று நேற்றே எங்கள் காதில் போட்டுவிட்டார்கள். யாரை என்று மட்டும் சொல்லவில்லை.

சட்டை நனைந்தவன் உழைக்கிறவன், நனையாதவன் ஏய்க்கிறவன். இது சூப்பர்வைசர் கணக்கு.

என் சட்டை காய்ந்திருந்தது.

எல்லாம் மச்சினன் வாங்கித் தந்த பனியனால் வந்த வினை. என் முதுகெல்லாம் வேர்க்குரு வெடித்து, தினமும் அதற்குப் பவுடர் கொட்டியே அவனுடைய அக்கா அலுத்துப்போயிருந்தாள். அவன் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவன். உள்ளே இதைப் போட்டுக்கொண்டால் வேர்வையை இழுத்து உடனே காயவைத்துவிடும் என்றான். அவன் சொல்லி எது நடந்திருக்கிறது என்று நான் நம்பவில்லை.

இது நடந்துவிட்டது. எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே காலையிலிருந்து மறந்துபோயிருந்தது.

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா, உனக்கு மட்டும் ஏசி போட்டிருக்காங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். முதுகு நனைந்தவர்களுக்குச் சிரிக்க என்ன கஷ்டம்.

பனியனைக் காட்டி விளக்கியிருக்கலாம். ஆனால் நான் சுகமாக இருக்கிறேன் என்று சொல்லி எவன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்?

கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி அந்த நேரம் பார்த்து வாசலில் முதலாளியின் கார் ஹாரன் கேட்டது. சூப்பர்வைசர் அவசரமாக எங்கோ நழுவினார். நானும் கையிலிருந்த பெட்டியை வைத்துவிட்டுப் பின்பக்கக் குழாய்க்கு ஓடினேன். ஒரு குவளைத் தண்ணீரை முதுகில் ஊற்றிக்கொண்டால் போதும். இடுப்பு ஒடிய வேலை செய்துவிட்டு, செய்த மாதிரி வேஷமும் போட வேண்டியிருக்கிறதே என்று வெறுத்துப்போனது.

குழாயடியில் எனக்கு முன்பே ஒருவர் குனிந்து நின்று தோளுக்குமேல் குவளையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நனைந்த வெள்ளைச் சட்டைக்குள்ளே என்னுடையதைப் போலவே ஒரு கறுப்புப் பனியன் தெரிந்தது.

சூப்பர்வைசர்.

என்னைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது. பிறகு அவர் குவளையை மறுபடி நிரப்பினார்.

"திரும்புப்பா," என்றார். "யாரை நிறுத்தப் போறாங்கன்னு எனக்கும் சொல்லல."