பன்னிரண்டில் ஒருவர்

வழக்கைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நீதிபதி காலையிலேயே எச்சரித்திருந்தார். ஆனாலும் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருவராக, சட்டையில் ஜூரி அட்டையோடு கோர்ட் கேன்டீனில் பர்கர் தின்றுகொண்டிருந்த ட்வைட்டுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கார் திருட்டுக் கேஸுக்கா வந்திருக்கீங்க?" என்று எதிரே வந்து உட்கார்ந்த பெண்மணி கேட்டாள்.

"ஆமா. அந்தப் பய மூஞ்சியிலயே திருட்டுக் களை. உள்ள தள்ளாம விடமாட்டேன்."

"இன்னும் ஒரு சாட்சிகூட வரலியே!"

"சாட்சி எதுக்கு? பெத்தவ ஒழுங்கா வளர்த்திருந்தா இங்க வந்து நிப்பானா?"

"நாக்கை அடக்கிப் பேசுய்யா!"

"உனக்கு ஏன் எரியுது? போம்மா, உன் வேலையைப் பாத்துக்கிட்டு!"

அவள் விருட்டென்று எழுந்து போனாள்.

இடைவேளை முடிந்ததும் நீதிபதி ட்வைட்டைத் தனியாக அழைத்தார். அந்தப் பெண்மணியும் அங்கே நின்றிருந்தாள்.

"இவங்ககிட்ட கேஸைப் பத்திப் பேசினீங்களா?"

ட்வைட் தலைகுனிந்தார்.

"அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுக்கறோம்." நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "ஜூரிகிட்ட நீங்க பேச்சுக் குடுத்ததும் தப்பு. விசாரணை முடியற வரைக்கும் நீங்களும் உள்ள வரக்கூடாது."

"தெரிஞ்சுதான் பேசினேன், ஐயா. நானேதான் வந்து சொல்லவும் செஞ்சேன்" என்றாள் அவள். "காலையில இவர் முறைச்ச முறைப்பைப் பாத்தேன். என் பையன் பக்கத்துல நான் இல்லாட்டியும் பரவாயில்ல, எதிர்ல இவர் இருக்கக்கூடாது."